விடுபட்ட ‘வாய்க்கால்’: ஒரு வெள்ளச் செய்தியை ஒப்பிட்டு வாசித்ததில் நடந்த பிழை

2024 நவம்பர் 27 இரவு, இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், படுவான்கரையில் ஒரு குளம் பற்றி ஐந்து செய்திகள் ஒரு மணித்தியாலத்துக்குள் வந்தன. அவற்றை ஒப்பிட்டுப் பார்த்து ஒரு முடிவு சொன்னேன். அது பிழையான முடிவு. அதனால் ஒரு நிவாரணக் குழு தேவையில்லாத ஊருக்குப் போனது. தேவைப்பட்ட ஊர் விடியும்வரை காத்திருந்தது. உயிரிழப்பு இல்லை. அப்படியிருந்தும் இதை முழுமையாக எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். செய்திகளை ஒப்பிட்டு வாசிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் விட்ட இடத்திலேயே அவர்களும் விடக் கூடாது. ஆட்கள், ஊர்கள், குளம், ஊடகங்கள் எவற்றின் பெயரையும் இங்கே தரவில்லை.

பின்னணி

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக இருப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. பட்டிருப்பு, மண்முனை, வலையிறவு ஆகிய பாலங்கள்தான் இரண்டு கரையையும் இணைக்கின்றன. மண்முனைப் பாலம் 2014இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை அங்கே படகுப் பாதைதான். பெருமழைக் காலத்தில் பாலம் இருந்தும் பாலத்துக்கு அப்பால் வீதி இருக்காது. அந்த நாட்களில் படுவான்கரையில் என்ன நடக்கிறது என்பது எங்கள் பக்கத்துக்குப் போன் வழியாகவும் செய்தி வழியாகவும் மட்டுமே தெரியும்.

நான் எழுவான்கரைப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புக்குத் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்ற பாடம் படிப்பிக்கிறேன். 2024 தொடக்கத்திலிருந்து சனிக்கிழமைகளில் ஒன்பது மாணவர்களும் நானும் ஊர் வாசிகசாலையில் கூடுவோம். ஒரே சம்பவத்தை வெவ்வேறு ஊடகங்கள் எப்படிச் சொல்லியிருக்கின்றன என்று டிமை தாளில் கட்டம் போட்டு எழுதுவோம். தலைப்பு ஒரு நிரலில், எண்ணிக்கை ஒரு நிரலில், யாருடைய வாய்மொழி என்பது ஒரு நிரலில். வாசிகசாலைக்கு வரும் தமிழ் நாளிதழ்கள் இரண்டு. மற்றவை இணையத்தில் எடுத்தவை.

அந்தப் பயிற்சியில் நான் கொடுத்த விதி ஒன்று உண்டு. செய்திகள் ஒன்றோடொன்று முரண்பட்டால், அதிகமானவை எதைச் சொல்கின்றனவோ அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது. பல மாதம் அது நன்றாகத்தான் வேலை செய்தது. ஒரு கூட்டத்துக்கு வந்தவர் தொகையை ஒரு தளம் மட்டும் ஊதிப் பெருக்கிப் போட்டால் மற்ற நாலும் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் அந்த விதியை நான் சந்தேகிக்கவே இல்லை.

இன்னொரு விடயமும் பின்னணியாக வேண்டும். எங்கள் மாவட்டத்தில் ‘குளம் உடைச்சிட்டு’ என்ற சொல்லைக் கேட்டால் ஆட்கள் நின்று யோசிப்பதில்லை. 1957 வெள்ளத்தின் கதை பேரப்பிள்ளைகள் வரைக்கும் வந்திருக்கிறது. 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளியைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2004 சுனாமி, 2011 ஜனவரி வெள்ளம். 2012 ஏப்ரலில் சுமாத்திராப் பக்கம் பூமி நடுங்கியபோது கரையோரம் முழுக்க ஓடியது. அன்று அலை வரவில்லை. ஓடியவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. இப்படி ஓடிப் பழகிய மக்களுக்குச் செய்தித் தலைப்பில் வரும் ஒரு வினைச்சொல் என்னவெல்லாம் செய்யும் என்பதை எழுதுகிறவர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அந்த வாரம்

நவம்பர் 25 திங்கட்கிழமை உயர்தரப் பரீட்சை தொடங்கியது. அதே நாட்களில் வங்கக் கடலின் தாழமுக்கம் வலுத்துக்கொண்டு வந்தது. பிறகு அதுதான் ஃபெங்கால் புயலாகி நவம்பர் 30இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. பரீட்சை 27 தொடக்கம் மூன்று நாட்களுக்கு நிறுத்தப்பட்டதாக முதலில் செய்தி வந்தது. அப்புறம் டிசம்பர் 3 வரை இல்லை, 4ஆம் திகதி மீண்டும் தொடங்கும் என்று வந்தது. இரண்டுமே வெளிவந்த நேரத்தில் சரியான செய்திகள். ஆனால் முதலாவதை இரண்டு நாள் கழித்து யாரோ வட்ஸ்அப்பில் போட, ஒரு மாணவி சனிக்கிழமை பரீட்சை என்று நினைத்துப் பதறிப்போனாள். இது சின்னச் சம்பவம்தான். செய்தியின் திகதியையும் நேரத்தையும் எங்கள் கட்டத்தில் நாங்கள் எழுதுவதே இல்லை என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில் காரைதீவு மாவடிப்பள்ளியில், மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. 27ஆம் திகதி முழுக்க எல்லா ஊடகங்களின் கவனமும் அங்கேதான் இருந்தது, இருக்கவும் வேண்டும். கிழக்கில் மற்ற எந்த மூலையில் என்ன நடந்தாலும் அதைச் சரிபார்க்கச் செய்தி அறைகளில் ஆள் இல்லாத நாள் அது. வீடுகளில் ஆட்கள் பயந்து போயிருந்த நாளும் அதுதான்.

27 இரவு வந்தவை

8.40க்கு எங்கள் மாவட்டச் செய்தித் தளம் ஒன்று ‘குளக்கட்டு உடைப்பு: பல கிராமங்கள் நீரில்’ என்று போட்டது. 8.55க்குக் கொழும்பிலிருந்து இயங்கும் ஒரு தமிழ்த் தளமும் கிட்டத்தட்ட அதையே போட்டது. 9 மணிக்குத் தமிழ் வானொலிச் செய்தி, குளத்தின் வான்கதவுகள் (மிகுதித் தண்ணீரை வெளியே விடும் கதவுகள்) மேலும் உயர்த்தப்பட்டுள்ளதாகவும் தாழ்நிலத்தில் இருப்போர் கவனமாக இருக்க வேண்டும் என நீர்ப்பாசனப் பொறியியலாளர் கேட்டுக்கொண்டதாகவும் சொன்னது. உடைப்பு பற்றி அதில் ஒரு சொல் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு சிங்களத் தொலைக்காட்சியின் அடிவரியில் ஓடியது. 9.25க்கு ஓர் ஆங்கிலத் தளம். இந்த இரண்டும் கட்டு உடைந்தது என்றே சொல்லின.

9.30 இருக்கும், எங்கள் ஊர் இளைஞர் கழகத் தலைவர் போன் பண்ணினார். கோயிலடியில் சமைத்த சோற்றுப் பார்சல்கள், ஒரு உழவு இயந்திரம், மீன்பிடிகாரர் தந்த இரண்டு சிறு படகுகள் எல்லாம் தயாராக இருந்தன.

“சேர், கட்டு உடைச்சிட்டெண்டு எல்லாரும் போடுறாங்க. ரேடியோவில மட்டும் கதவு திறந்தது எண்டு சொன்ன. நாங்க எந்தப் பக்கம் போற?”

“அஞ்சில நாலு உடைப்பு எண்டுதானே தம்பி சொல்லுது. கட்டடி ஊருக்கே போங்க” என்றேன்.

அந்தக் கேள்விக்கு ஏன் அவ்வளவு கனம் என்பதைச் சொல்ல வேண்டும். குளக்கட்டு உடைந்தால் கட்டுக்கு நேர் கீழே இருக்கும் ஊருக்குத்தான் தண்ணீர் முதலில் பாயும். வான்கதவு திறந்தால் தண்ணீர் வான் வழியாக இறங்கி, ஆற்றோடும் வாய்க்காலோடும் கீழே போகும். அப்போது ஆபத்து தூரத்தில், தாழ்வான வட்டைகளை, அதாவது வயல்வெளிகளை, ஒட்டிய குடியிருப்புகளுக்கு. இரண்டு ஊர்களும் எதிரெதிர்த் திசையில் இருந்தன. இரண்டுக்கும் போக அன்று வீதியும் இல்லை, எரிபொருளும் இல்லை.

குழு கட்டடி ஊருக்குப் போய்ச் சேர இரவு 11.15 ஆனது. ஊரில் வெள்ளம் இல்லை, மழைத் தண்ணீர் மட்டும். ஆட்கள் மேட்டிலிருந்த பாடசாலைக்கு ஓடி ஏறியிருந்தார்கள். ஓடும்போது வரம்பில் சறுக்கி விழுந்து கணுக்கால் வீங்கிய ஒரு வயதான அம்மா சொன்னதை இளைஞர்கள் எனக்கு வந்து சொன்னார்கள்: “குளம் உடைச்சிட்டாம் எண்டு பேரன் போனில காட்டினான் மனே. மறுகா என்னத்த நிண்டு பாக்கிற?”

ஒரு மணியளவில் கீழ்ப்புறக் குடியிருப்பிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே வாய்க்கால் கட்டு உடைந்து, 23 குடும்பங்களுக்கு நாலு பக்கமும் வெள்ளம். குழு திரும்பிச் சுற்றிப் போய்ச் சேரக் காலை 5 மணி தாண்டிவிட்டது. அதற்குள் அங்கத்தைய விவசாயிகள் தங்கள் தோணியிலேயே எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவரையும் நடக்க முடியாத இரண்டு முதியவர்களையும் கோயில் மடத்துக்குக் கொண்டு போயிருந்தார்கள். மற்றவர்கள் விடியும்வரை மேசைக்கு மேலும் கட்டிலுக்கு மேலும் இருந்தார்கள். சோற்றுப் பார்சல் பழுதாகிவிட்டது.

சனிக்கிழமை, மேசையில்

30ஆம் திகதி வாசிகசாலையில் கூடினோம். ஐந்து செய்திகளோடு, 28, 29ஆம் திகதி நாளிதழ்களையும் விரித்து வைத்தோம். என் விதியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகளே பார்க்கட்டும் என்று விட்டேன்.

முதலில் கண்டுபிடித்தது ஒரு மாணவன். உடைப்பு என்று சொன்ன நாலு செய்திகளில் எழுத்தில் வந்த மூன்றிலும் வாக்கியங்களின் வரிசை ஒன்றாகவே இருந்தது. தமிழ்த் தளங்கள் இரண்டிலும் ஊர்ப் பெயரில் ஒரே எழுத்துப் பிழை. ளகரம் வர வேண்டிய இடத்தில் லகரம். படமும் ஒன்றுதான். நல்ல வெயிலில் எடுத்த படம். மூன்று நாளாகச் சூரியனைக் காணாத மாவட்டத்தில் இரவு 8.40க்கு வந்த செய்தி அது.

சிங்களம் வாசிக்கத் தெரிந்தவள் வகுப்பில் ஒருத்திதான். சின்ன வயதில் அம்பாறை நகரில் இருந்தவள். தொலைக்காட்சியின் முகநூல் பக்கத்தில் அந்த அடிவரி பதிவாக இருந்ததை எடுத்து வாசித்தாள். ‘வெவ் பெம்ம’ என்று இருந்தது, அதாவது குளக்கட்டு. யார் சொன்னது என்று இல்லை. ஆங்கிலச் செய்தியில் ‘உள்ளூர் ஊடகங்களின்படி’ என்று மட்டும் இருந்தது. ஆக நாலு செய்திக்கும் மூலம் 8.40க்கு வந்த அந்த ஒன்றுதான். வானொலி மட்டுமே தனியாக, பொறுப்பான ஒருவரிடம் கேட்டுப் போட்டிருக்கிறது. நாலுக்கு ஒன்று என்று நான் எண்ணியது உண்மையில் ஒன்றுக்கு ஒன்று. அந்த இரண்டிலும் பேசியவரின் பதவியைச் சொன்னது ஒன்றுதான்.

அந்த முதல் செய்தியை அனுப்பிய பிராந்திய ஊடகவியலாளர் எங்களுக்குத் தெரிந்தவர். கூப்பிட்டதும் வந்தார், ஒளிக்கவில்லை. தன் போனைத் திறந்து, தளத்துக்குத் தான் அனுப்பியதைக் காட்டினார். நாலு வரி. முதல் வரி இது: ‘குளத்து வாய்க்கால் கட்டு உடைப்பெடுத்துள்ளது.’

தலைப்புப் போட்டவர் ‘வாய்க்கால்’ என்ற சொல்லை எடுத்துவிட்டார். ‘குளத்து வாய்க்கால் கட்டு’ சுருங்கி ‘குளக்கட்டு’ ஆகிவிட்டது. தமிழில் பெயர்ச்சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகலாம். தலைப்புப் போடுகிறவர்கள் இடம் பிடிக்க நடுவிலே ஒன்றை உருவுவார்கள். பெரும்பாலும் சேதமில்லை. இங்கே நடுவில் இருந்ததுதான் செய்தி. இந்த ஒரு சொல்லைப் பற்றியே அன்று முக்கால் மணித்தியாலம் பேசினோம், அது வீணான நேரமில்லை. கொழும்பில் இருந்து பார்க்கிறவருக்குக் குளக்கட்டும் வாய்க்கால் கட்டும் ஒன்றுபோலத் தெரியலாம். குளக்கட்டு உடைந்தால் ஒரு பிரதேசமே போய்விடும். வாய்க்கால் கட்டு மாரியில் எங்காவது உடைந்துகொண்டேதான் இருக்கும், மண்மூட்டை போட்டு அடைப்பார்கள்.

நீர்ப்பாசனத்தில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு ஐயாவையும் அழைத்திருந்தோம். அவர் சொன்னது எல்லோரையும் நிமிர வைத்தது. “கதவைத் திறக்கிறது கட்டைக் காப்பாத்தத்தான் புள்ளயள். கதவு திறந்தாச்சு எண்டா கட்டடி ஆக்கள் பயப்பிடத் தேவயில்ல, கீழ உள்ளவங்கதான் எழும்பணும்.” நாங்கள் ‘திறப்பு’ என்பதை ‘உடைப்பு’ என்பதன் மெலிந்த வடிவமாக நினைத்திருந்தோம். இரண்டும் வேறு வேறு ஊர்களை எழுப்புகிற சொற்கள்.

நாளிதழ்களில் இன்னொன்று அகப்பட்டது. ஒன்றில் ‘23 பேர் பாதிப்பு’. மற்றதில் ‘81 குடும்பங்கள் பாதிப்பு’. கிராம உத்தியோகத்தரின் பதிவில் 23 குடும்பங்கள், 81 பேர். இரண்டு பத்திரிகையும் ஒரே பதிவிலிருந்துதான் எடுத்திருக்கின்றன. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிக்கையில் குடும்பம், ஆட்கள் என்று இரண்டு நிரல் பக்கம் பக்கமாக இருக்கும். அவசரத்தில் கண் தவறும்.

எது முதலில் வந்தது என்பதையும் பார்த்தோம். சிங்கள, ஆங்கிலச் செய்திகளில் வீதியும் புகையிரதமும் முன்னால் வந்தன. தமிழ்ப் பத்திரிகைகளில் இடம்பெயர்ந்தோர். பெரும்போக வேளாண்மை இளம் பயிராக நின்ற நேரம் அது, எத்தனை நாள் தண்ணீருக்குள் நின்றால் பயிர் அழுகும் என்பதை எவரும் எழுதவில்லை.

எடுத்த முடிவுகள்

அடுத்த நாள் இளைஞர் கழகக் கூட்டத்துக்குப் போய், அன்று நான் சொன்னது பிழை, எண்ணியதைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் சொன்னேன் என்று சொன்னேன். சிலர் “நீங்க என்ன சேர் செய்வீங்க, செய்தியிலதானே போட்டது” என்றார்கள். அந்த ஆறுதலை ஏற்கக் கூடாது என்று நினைத்தேன். வானொலி சரியாகச் சொல்லியிருந்தது. அதைக் கேட்டும் ஒதுக்கியது நான்.

ஊடகங்களுக்கு என்ன செய்வது என்று வகுப்பில் விவாதம் நடந்தது. பத்திரிகைகள் மீது முறைப்பாடு செய்ய 2003இல் உருவான இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு இருக்கிறது. அது பத்திரிகைத் துறையே நடத்தும் சுய ஒழுங்கமைப்பு. அங்கே போவோம் என்று இரண்டு பேர் நின்றார்கள். நான் தயங்கினேன். பெரிய பிழை இணையத் தளத்தில்தான் தொடங்கியது. முறைப்பாடு போனால் பழி தலைப்புப் போட்டவர் மீது விழாது, கடைசியில் களத்தில் நனைந்து நின்று சரியாக எழுதி அனுப்பியவர் மீதுதான் விழும். மட்டக்களப்பில் பிராந்தியச் செய்தியாளராக இருப்பது என்னவென்று எங்களுக்குத் தெரியும். ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31இல் இந்த நகரத்தில்தான் வேலைக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழியில் வந்தவர்களைத் தொழிலில் இன்னும் பலவீனப்படுத்துகிற எதையும் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மாணவர்கள் எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஆகவே உடைப்பு என்று போட்ட நாலு இடத்துக்கும், இரண்டு பத்திரிகைக்கும் திருத்தம் கேட்டு நேரடியாக எழுதினோம். செய்தியாளரின் பெயரைக் குறிக்கவில்லை. வானொலிக்கு மட்டும் நன்றி சொல்லி எழுதினோம்.

கட்டத்தையும் மாற்றினோம். ‘செய்தி வந்த நேரம்’, ‘முதலில் சொன்னது யார்’, ‘சொன்னவர் எங்கே நின்றார்’ என்று மூன்று நிரல்கள் சேர்ந்தன. ஒரே மூலத்திலிருந்து வந்தவற்றை ஒரு கோட்டால் கட்டி, ஒன்று என்றே எண்ணுவோம். தலைப்பைத் தனியாக, செய்தி உடலைத் தனியாக எழுதுவோம்.

அதற்குப் பிறகு

81 குடும்பங்கள் என்று போட்ட பத்திரிகை நாலு நாளில் உள்பக்கத்தில் சின்னதாகத் திருத்தம் போட்டது. மற்றப் பத்திரிகை போடவில்லை. மாவட்டத் தளம் தலைப்பை மாற்றியது, ஆனால் மாற்றியதாக ஒரு வரியும் சேர்க்கவில்லை. இப்போது பார்க்கிறவருக்கு அது தொடக்கத்திலிருந்தே சரியாக இருந்தது போலத் தெரியும். இது எனக்குப் பிழையைவிடக் கூடுதல் வருத்தம் தந்தது. ஆங்கிலத் தளம் செய்தியையே எடுத்துவிட்டது. கொழும்புத் தமிழ்த் தளத்திலும் தொலைக்காட்சியிலும் இருந்து பதில் இல்லை.

அடுத்த அடைமழையில் இன்னொரு குளம் பற்றி அதேபோல ஒரு வதந்தி வந்தது. இம்முறை மாணவர்கள் மூலத்தைத் தேடினார்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்தார்கள், அந்த ஊர் வட்டவிதானையை (வயல் தண்ணீருக்குப் பொறுப்பானவரை) பிடித்தார்கள். செய்தி பொய் என்று உறுதியாகச் சொல்ல 40 நிமிடம் எடுத்தது. இளைஞர் கழகத் தலைவர் சந்தோஷப்படவில்லை. “சேர், உண்மையா உடைச்சிருந்தா இந்த நாப்பது நிமிசம் என்னத்துக்கு ஆகும்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. முதல் தடவை வேகமாகப் பிழை விட்டோம், இரண்டாம் தடவை சரியானதை மெதுவாகச் சொன்னோம்.

மாற்ற வேண்டியது

அந்த இரவு திரும்ப வந்தால், ஐந்தில் நாலு என்று சொல்ல மாட்டேன். கதவு திறந்தது உறுதி, கட்டைப் பற்றித் தெரியாது, கீழ்ப்புறத்துக்கு ஒரு படகை இப்போதே அனுப்புங்கள், கட்டடி ஊரில் ஒருவரைப் போனில் பிடியுங்கள் என்று சொல்வேன். இரண்டு படகு இருந்தது. இரண்டையும் ஒரே திசைக்கு அனுப்ப வைத்தது, இல்லாத உறுதியை நான் காட்டியதுதான்.

40 நிமிடத்தைக் குறைக்க மழை தொடங்குவதற்கு முன்பே வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு குளத்துக்கும் கட்டடியில் ஒருவர், வான் பக்கம் ஒருவர், வாய்க்கால் கடைசியில் ஒருவர் என்று விவசாயிகளின் இலக்கங்களைச் சேர்த்துக்கொண்டு வருகிறோம். இதுவரை நாலு குளம் முடிந்திருக்கிறது. ஒன்பது பேரில் ஒருத்திக்குத்தான் சிங்களம் வாசிக்க வரும் என்பது பெரிய குறை. புதன்கிழமைகளில் அவளே மற்ற எட்டுப் பேருக்கும் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறாள், நானும் பின்வாங்கில் இருந்து படிக்கிறேன். தொலைக்காட்சிக்கு இரண்டாவது கடிதத்தைச் சிங்களத்தில் அவள்தான் எழுதினாள். ‘எல’ என்றால் வாய்க்கால், ‘வெவ்’ என்றால் குளம் என்று இரண்டு சொல்லுக்கும் அடியில் கோடு போட்டு அனுப்பியிருக்கிறாள். அந்த அடிவரிப் பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது.